இளைஞர் பாடற்குழுக்களும் ஆடவர் நாணமும்

மேனாடுகளில் நடுவயதை எய்திய ஆடவரிடையே ஒருவகைப் பாவசங்கீர்த்தனம் இன்று பெருவழக்காயுள்ளது. ஆங்கிலத்தில் 'போய் பாண்ட்' என வழங்கும் இளைஞர் பாடற்குழுக்களின் பாடல்கள் தமக்கும் பிடிக்கும் என அவர்கள் ஒப்புக்கொள்கின்றனர். ஒப்புக்கொள்ளும் அதே கணத்தில் தம்மைத் தாமே நகையாடியும் விடுகின்றனர். 'குற்ற இன்பம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரொன்று இதற்கெனவே கைவசம் உண்டு. அடக்கத்தின் வேடம் பூண்ட இறுமாப்பு என்பதன்றி இத்தொடருக்கு வேறு பொருள் கூறுதல் அரிது. பாடலின் இன்பமும் வேண்டும். அப்பாடலை வெளிப்படையாக விரும்புவோரிலும் பார்க்கத் தாம் மேலானவர் என்ற நிலையும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற பழமொழி இவ்விடத்து எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

இந்நாணம் இசையைப் பற்றியதன்று. அவ்விசையின் முதற் சுவைஞர் பதின்பருவப் பெண்கள் என்பதே அதன் வேர். கூட்டம் உணர்ச்சிவயப்பட்டுக் கூவும் இடத்திற் கலை இராது என்னும் தீர்ப்புப் பழையது. பியானோக் கலைஞர் லிஸ்டின் அரங்குகளில் எழுந்த ஆரவாரத்துக்கு, நோயொன்றிற்கு இடுவதுபோல, 'லிஸ்டோமேனியா' என 1844இற் பெயரிட்டவர் கவிஞர் ஹைனே. 120 ஆண்டுகளின் பின்னர், 1964 பெப்ரவரியில், 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் போல் ஜோன்சன் பீட்டில்ஸ் குழுவைத் தாக்கி எழுதினார். அவரது கடுஞ்சொற்களுட் பல குழுவினரை விட்டு, அவர்களைச் சூழ்ந்து கூவிய இளையோர்மீதே பாய்ந்தன. அத்தலைமுறையின் கடைநிலையினர் அவர்களே என்பது அவர் துணிபு.

பின்னர் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. 1966 ஓகஸ்டிற் பீட்டில்ஸ் தமது மேடைச் சுற்றுப்பயணங்களை முடித்துக்கொண்டு ஒலிப்பதிவுக்கூடத்துள் ஒதுங்கினர். 1967இல் 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டு வெளிவந்தது. அதன்பின் அக்குழு 'கலை' ஆயிற்று; கற்றறிந்த ஆடவர் அதனை ஆராயத் தலைப்பட்டனர். இசையும் மாறிற்று என்பது உண்மையே. ஆயினும் 1963ஆம் ஆண்டின் பாடல்களும் கூடவே மதிப்புயர்ந்தமைக்கு அது காரணமாகாது. அவை மாறவில்லை, அரங்கின் முன்வரிசை மாறிற்று.

ஆடவர் தரப்பில் முன்வைக்கப்படும் வாதம் வேறு. இக்குழுக்கள் தாமாக முகிழ்த்தவையல்ல, வணிகரால் ஆக்கப்பட்டவை. பிறர் எழுதிய பாட்டைப் பிறர் பயிற்றிய ஆட்டத்துடன் பாடுபவை என்பர். பாக்ஸ்ட்ரீட் போய்ஸைப் பொறுத்தவரை இதிற் பெரும்பகுதி உண்மை. 1993இல் புளோரிடா மாநிலத்து ஓர்லாண்டோவில் லூ பேர்ள்மன் என்ற வணிகரின் முயற்சியால் திரட்டப்பட்ட குழு அது. அவ்வாறாயின் டெட்ரொயிட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தை இவ்வாடவர் எவ்வாறு நோக்குகின்றனர்? டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ஐவரும் ஒரே உடையில், ஒரே அடியெடுப்பில் ஆடியவர்கள். அவர்களது 'மை கேள்' (1964) பாடலை இயற்றியோர் ஸ்மோக்கி றொபின்சனும் றொனல்ட் வைட்டும். பின்னணி இசைத்தோர் நிறுவனத்தின் சம்பளக் கலைஞர். நிறுவனத்தின் குழுக்களுக்கு ஆட்டம் பயிற்றியவர் சோலி அட்கின்ஸ். நடையுடை பாவனை கற்பிக்கவும் மக்சீன் பவல் என்னும் அம்மையார் அமர்த்தப்பட்டிருந்தார். நிறுவனர் பெரி கோர்டி முன்னர் மோட்டார்த் தொழிற்சாலையில் வேலைசெய்தவர். அத்தொழிற்சாலையின் முறையையே பாட்டுக்கும் கையாண்டதாகப் பெருமையுடன் கூறியவர். மோட்டவுன்மீது தமக்குள்ள விருப்பை எவரும் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொள்வதில்லை. கலகத்தின் உருவமாகப் போற்றப்படும் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவும் 1975இல் லண்டன் கிங்ஸ் வீதியில், மல்கம் மக்லரனின் உடைக்கடையைச் சுற்றித் திரட்டப்பட்டதே. 'செயற்கை' என்ற குற்றச்சாட்டு ஆள்பார்த்தே சுமத்தப்படுகின்றது.

வணிகத்தைச் சாடுவதாயின் சாடவேண்டிய இடம் வேறு. பேர்ள்மன் தம்மையும் குழுவின் ஆறாவது உறுப்பினராகக் கணக்கிட்டுப் பங்கு பெறும்வகையில் ஒப்பந்தம் எழுதியிருந்தார். 1998இற் பாக்ஸ்ட்ரீட் போய்ஸ் அவர்மீது வழக்குத் தொடுத்தனர்; அவர் வளர்த்த மற்றொரு குழுவான என்சிங்க் அடுத்த ஆண்டு அவருடன் வழக்காடிற்று. முதலீட்டாளரை ஏமாற்றிய பெருமோசடிக்காக 2008இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர், 2016இற் சிறையிருப்பிலேயே இறந்தார். சுரண்டலைப் பற்றிய அக்கறை மெய்யானதாயின் அது உழைத்த இளைஞர் பக்கம் நின்றிருக்க வேண்டும். ஏளனக்காரரோ அவ்விளைஞரையும் அவர்தம் இரசிகையரையுமே நகைத்தனர்.

இனி, பாடல். 1999இல் வெளிவந்த 'ஐ வோன்ட் இட் தட் வே' என்பதன் சொற்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று சிரிப்பது வழக்கம். முரண்படுவது மெய்யே. ஸ்வீடன் நாட்டவரான மக்ஸ் மார்ட்டின், அன்ட்ரியஸ் கார்ல்சன் ஆகியோர் இயற்றிய அப்பாடல், சொல்லின் பொருளிலும் பார்க்க அதன் ஓசையையே முதன்மையாகக் கொண்டது. பொருள் தெளிவான வேறொரு வடிவமும் எழுதப்பட்டது. குழுவினர் அதனை விலக்கி முதல் வடிவத்தையே தெரிந்துகொண்டனர். அவர்களது செவி சரியாகத் தீர்ப்பளித்தது. தில்லானாவிற் சொற்பொருள் தேடுவார் எவருமிலர். கிதாருடன் தனிக்குரலாகத் தொடங்கி, பிற குரல்கள் வந்து சேர, இறுதியிற் சுருதி உயர்ந்து ஐந்து குரலும் ஒன்றாய் எழும் கட்டுக்கோப்பில் வீண் அசை ஒன்றுமில்லை. திருமண விருந்துகளில் மதுவருந்திய ஆடவர் தோளிற் கைபோட்டு இதனைப் பாடுகின்றனர். பாடி முடித்ததும், விளையாட்டாகவே பாடியதாகச் சொல்லிக்கொள்கின்றனர். இறுதிப் பல்லவியை அவர்கள் பாடும்போது அக்குரலில் விளையாட்டைக் காணமுடிவதில்லை.

நாணமின்றிப் பேசியோரும் உளர். 1963 டிசெம்பர் 27ஆந் திகதி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் அதன் இசை விமர்சகர் வில்லியம் மான் ஒரு கட்டுரை எழுதினார். மேனாட்டுச் செவ்விசையில் ஊறிய, நாற்பதை அண்மித்த அவர், லெனனையும் மக்காட்னியையும் அவ்வாண்டின் தலைசிறந்த ஆங்கிலேய இசையாக்குநராகக் குறிப்பிட்டார். அவர்களது பாடலொன்றின் முடிவிலுள்ள சுரவமைதியை மாலரின் ஆக்கமொன்றின் முடிவுடன் ஒப்பிட்டார். அதற்கு அவர் இட்ட கலைச்சொல் தமக்கு விளங்கவேயில்லை என்று லெனன் பிற்காலத்திற் கூறியதுண்டு. அன்று நாடெங்கும் பெண்பிள்ளைகள் கூவிக்கொண்டிருந்தனர். அந்த ஆரவாரம் தமது ஆய்வுக்குரியதன்று என ஒதுக்கிவிட்டு, பிடித்தது எது, ஏன் பிடித்தது என்பதை மான் எழுதினார். எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.