பாறைக்கு ஒரு முத்தம்!

'ஹார்ட் ராக்'னு சொன்னதும் தலையை ஆட்டிக்கிட்டு, இல்லாத கிடாரை வாசிக்க ஆரம்பிச்சிட்டீங்களா? நிறுத்துங்க பாஸ்! இது வேற ராக். நிஜப் பாறை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் வான் மலைத்தொடர். அதன் நடுவில் சில்வர்டன் என்று ஒரு குட்டியூண்டு ஊர். ஒரு காலத்தில் வெள்ளியும் தங்கமும் வெட்டி எடுத்த இடம். கெட்டிப் பாறையைக் குடைந்த அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் நினைவாகத்தான், 1992-ல் 'ஹார்ட்ராக் 100' என்ற ஓட்டப் பந்தயத்தை ஆரம்பித்தார்கள். கழுதைகளும் தொழிலாளிகளும் நடந்து தேய்த்த பழைய பாதைகள்தான் டிராக்!

தூரம் 100 மைலுக்கு மேல். அதாவது 160 கிலோமீட்டரைத் தாண்டும். 'அவ்வளவுதானே, ரெண்டு நாள்ல நடந்தே போயிடலாமே'ங்கிறீங்களா? இருங்க. பாதையின் சராசரி உயரமே சுமார் 11,000 அடி. ஹேண்டீஸ் என்ற சிகரத்தில் 14,000 அடியைத் தாண்டுகிறது. வழியில் ஏறுகிற ஏற்றங்களை மட்டும் கூட்டினால் சுமார் 33,000 அடி. எவரெஸ்ட்டின் மொத்த உயரமே 29,032 அடிதான் மக்கா!

இன்ஜினீயரிங் படிக்கிற பாவத்துக்கு ஒரு சின்ன லெக்சர், பொறுத்துக்கோங்க. மலை மேல ஆக்ஸிஜன் சதவிகிதம் குறையாது. அங்கேயும் அதே 21 சதவிகிதம்தான். குறையிறது காற்றழுத்தம். 14,000 அடியில் ஒரு தடவை மூச்சை இழுத்தால், கீழே கிடைக்கிற ஆக்ஸிஜனில் கிட்டத்தட்ட 60 சதவிகிதம்தான் உள்ளே போகும். இதைச் சமாளிக்க உடம்பு சிவப்பணுக்களை அதிகமாகத் தயாரிக்கும். ஆனால், அதுக்குச் சில வாரம் ஆகும். அதனால்தான் பலர் முன்கூட்டியே போய் அங்கேயே டேரா போடுகிறார்கள். சிலருக்கு அப்படியும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல் வைத்தியம், உடனே கீழே இறங்குவது. கொடுமை என்னன்னா, இந்தப் பாதையில் சில இடங்களில் கீழே இறங்கவே இன்னொரு கணவாயை ஏறித் தாண்டணும்!

பந்தயம் ஜூலையில். அப்பவும் பனிச்சரிவு இருக்கும். ஜில்லுனு ஓடுகிற ஓடைகளில் இறங்கணும், ஈரக் காலோடயே ஓடணும். மதியமானால் இடி, மின்னல். 2014-ல் ஹேண்டீஸ் உச்சிக்குப் பக்கத்தில் மின்னல் இறங்கியதில், ஆடம் கேம்ப்பெல் என்ற கனடா வீரரும் கூட ஓடிய நண்பரும் தூக்கி வீசப்பட்டார்கள். எழுந்து ஓடி மூன்றாவதாக வந்தார் கேம்ப்பெல். எல்லா வருஷமும் கதை இப்படி நல்லபடியா முடிவதில்லை. 2025-ல் ஒரு வீராங்கனை ஓட்டத்தின் நடுவிலேயே இறந்துபோனார்.

எனக்குப் பிடிச்ச இடம் ஒரு கேன்டீன். சிரிக்காதீங்க! வர்ஜீனியஸ் கணவாய்னு, 13,000 அடி உயரத்தில் ரெண்டு பாறைச் சுவருக்கு நடுவில் ஒரு சின்னப் பிளவு. நாலு பேர் நின்றாலே நெரிசல். அங்கே 'க்ரோகர்ஸ் கேன்டீன்' என்ற பெயரில் ஓடுபவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு தருகிறார்கள். அடுப்பு, தண்ணீர், சாமான் எல்லாவற்றையும் தன்னார்வலர்களே முதுகில் சுமந்து ஏறுகிறார்கள். நம்ம ஆளுங்க மெஸ்ஸுக்கு ரெண்டு மாடி இறங்கச் சோம்பல்பட்டு பிஸ்கட் தின்னுட்டுப் படுக்கிறதை நினைச்சுக்கிட்டேன்.

சுமார் 145 பேருக்குத்தான் இடம். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருவதால் குலுக்கல். பணம் மட்டும் கட்டினால் போதாது, வேறொரு கஷ்டமான ஓட்டத்தை முடித்திருக்கணும். மலைப்பாதை சீரமைப்பு மாதிரி வேலையும் செய்திருக்கணும். கடைசியில் ரிப்பன் எல்லாம் கிடையாது. செம்மறிக்கிடாத் தலை வரைந்த ஒரு பெரிய பாறை இருக்கும். அதற்கு முத்தம் கொடுத்தால்தான் ஓட்டம் முடிந்ததாகக் கணக்கு!

கெடு 48 மணி நேரம். 2024-ல் ஐம்பதை நெருங்கும் பிரான்ஸ்காரர் லுடோவிக் பொம்மரே 21 மணி 33 நிமிடத்தில் முடித்து ரெக்கார்டு வைத்தார். அதுவே மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம்தான். கடைசியில் வருபவர்களின் வேகம் மணிக்கு மூன்றரைகூட இல்லை. அட, நாம பரீட்சை ஹாலுக்குப் போற வேகம்! ஆனால், ரெண்டு ராத்திரி தூங்காமல் அந்த வேகத்தில் போறாங்க. பாதையோரப் பாறையெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியுமாம்.

இந்தப் பந்தயத்தைப் பற்றி யார் பேசினாலும் கிலியன் ஜோர்னெட் கதையைத்தான் சொல்வார்கள். 2017-ல் 20 கிலோமீட்டர் வாக்கில் பனிச்சரிவில் விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. தானே அதை ஏற்றிப் பொருத்திக்கொண்டு, கையைத் தொட்டில் கட்டி, மிச்ச தூரத்தையும் ஓடி ஜெயித்தார். செம கதைதான், ஒப்புக்கிறேன். ஆனா எனக்கு அதைவிட கோர்ட்னி டாவால்ட்டர் கதைதான் நெருக்கம். 2021-ல் பெண்களில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தவர். வயிறு மக்கர் பண்ணியது. ஓடும்போது ரத்தமெல்லாம் காலுக்குப் போயிடும், வயிற்றுக்குப் பங்கு குறையும். உயரத்தில் இன்னும் மோசம். சாப்பிடுவது எதுவும் தங்காது. ஊரே என்ற ஊரில் (பெயரே 'ஊரே'தான், சத்தியமா!) ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். காரணத்தை மறைக்கலை.

இது ஏன் நெருக்கம்னா... போன வருஷம் எங்க காலேஜ் மினி மாரத்தான். பத்து கிலோமீட்டர். ஏழாவதிலேயே வாந்தி எடுத்து ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன். ஹாஸ்டலில் கேட்டவர்களிடம் 'கால் சுளுக்கு மச்சி'ன்னு சொல்லி, மூணு நாள் நொண்டி வேற காட்டினேன். நடுவுல மறந்துபோய் இன்னொரு காலை நொண்டினது தனிக் கதை. சுளுக்குன்னா வீரம், வாந்தின்னா கேவலம்னு எப்படியோ மண்டையில் ஏறியிருக்கு.

கோர்ட்னி அடுத்த வருஷமே திரும்பி வந்தார். 2022-ல் 26 மணி 44 நிமிடத்தில் ஜெயித்தார். 2023-ல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யு.டி.எம்.பி. என்ற மூன்று பெரிய ஓட்டங்களையும் ஒரே கோடையில் ஜெயித்தார். அதுவரை யாரும் செய்யாதது. 2024-ல் மறுபடி ஹார்ட்ராக், 26 மணி 11 நிமிடம்.

எங்க காலேஜ் ஓட்டம் அடுத்த மாசம். பேர் கொடுத்துட்டேன். காலையில் ரெண்டு இட்லிதான்னு முடிவும் பண்ணியாச்சு. என் ரூம்மேட் இந்தப் பக்கத்தைப் படிக்கிறதில்லை. நீங்களும் அந்தச் சுளுக்கு மேட்டரை அவன்கிட்ட சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கிறேன்!