ஆராய்ச்சியும் குடும்பமும்

வைத்திய சாஸ்திரம் டாக்டர்களால் மட்டும் வளர்வதன்று. நோயின் கொடுமையைத் தாங்கிக்கொண்டே பரிசோதனைக்கு உடன்படும் ஜனங்களாலும் வளர்கின்றது. டாக்டர்களின் பெயர் நூல்களில் நிலைக்கிறது. ஜனங்களுக்குச் சேரவேண்டிய கடனோ பெரும்பாலும் பாக்கியாகவே நின்றுவிடுகிறது. கொலம்பியா தேசத்துக் குடும்பங்கள் சிலவற்றின் சரித்திரம் இக்கடனை நினைவூட்டுகின்றது.

தென் அமெரிக்காவிலுள்ள அத்தேசத்தில் அந்தியோகியா என்பது ஒரு மலைப் பிரதேசம். அங்கே சில வம்சங்களில் நாற்பத்து நாலு வயது சுமாருக்கே ஞாபகம் தடுமாறத் தொடங்கி, ஐம்பதுக்குள் புத்தி கலங்கிப்போவது தலைமுறை தலைமுறையாக வந்த துன்பமாகும். ஊரார் இதனை ‘லா போபேரா’, அதாவது அசட்டுத்தனம், என்றனர். சாபமென்று அஞ்சினோரும் உண்டு. மெடெல்லின் நகரத்து டாக்டர் பிரான்ஸிஸ்கோ லோபேரா 1980-களிலிருந்து கிராமங்களுக்குச் சென்று, மாதா கோயில் பதிவேடுகளின் துணையோடு வம்சாவளிகளைத் தொகுத்தார். ஒரே ஜீனில் நேர்ந்த பிழையால் வரும் அல்ஸைமர் வியாதியே இது என்பது 1990-களில் தெளிவாயிற்று. பெற்றோரில் ஒருவரிடம் அப்பிழை இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி இடமுண்டு. உறவினர் சுமார் 6,000 பேரில் சுமார் 1,200 பேருக்கு அது உண்டென்பது மதிப்பு.

நோய் தோன்றுமுன்பே தடுக்கலாகுமா என்றறிய, 2013-ல் ‘கிரெனெஸுமாப்’ என்னும் மருந்தின் பரிசோதனை தொடங்கிற்று. 252 பேர் சேர்ந்தனர். பிழையுள்ளோரை மட்டும் சேர்த்தால், சேர்ந்தவர் யாவரும் தம் விதியை அறிந்துவிடுவர். ஆகவே பிழையற்ற 83 பேரும் சேர்க்கப்பட்டு, மருந்தில்லாத ஊசியை வருஷக்கணக்காக ஏற்றனர். தாம் எப்பக்கம் என்பது அவர்களுக்கும் தெரியாது. அண்ணனுடைய ரகசியத்தைத் தம்பியின் ஊசி காத்தது!

2022-ல் வெளியான முடிவு ஏமாற்றமே; மருந்து குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. ஆயினும் உழைப்பு வீணாகவில்லை. இக்குடும்பத்துப் பெண்மணி ஒருவர், பிழை இருந்தும், ஏறக்குறைய முப்பது ஆண்டு அதிகமாக ஞாபகசக்தியோடு வாழ்ந்தார். மற்றொரு ஜீனிலிருந்த அபூர்வ மாறுதல் அவரைக் காத்திருக்கலாமென்று 2019-ல் அறிவிக்கப்பட்டது. புதிய மருந்துக்கு அது ஒரு வழிகாட்டி.

இத்தகையோருக்குச் செய்யவேண்டியது யாது? முதலாவது, சம்மதம் மெய்யான சம்மதமாயிருத்தல் வேண்டும். புத்தி தளர்ந்தவருக்காகக் குடும்பத்தார் கையெழுத்திடும்போது, அவர்கள் தர்மகர்த்தாக்களேயன்றிச் சொந்தக்காரரல்லர். இரண்டாவது, தன் விதியை அறிய விரும்பாதவனை அறியும்படி நிர்ப்பந்திக்கலாகாது. மறுப்பவனுக்குச் சிகிச்சை குறைதலும் கூடாது. மூன்றாவது, பலன் கிடைத்தால் அதில் அவர்களுக்குப் பங்கு வேண்டும். 2023-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ‘லெகானெமாப்’ என்னும் வேறொரு மருந்துக்கு வருஷத்துக்கு 26,500 டாலர் விலை வைத்தனர். மலைக்கிராமத்து உழவன் இவ்விலைக்கு எங்கே போவான்?

1964-ல் உலக வைத்திய சங்கம் வகுத்த ஹெல்ஸிங்கி பிரகடனம், 2024-ஆம் வருஷத் திருத்தத்தில், ஆராய்ச்சிக்கு ‘உட்பட்டவர்’ என்னும் சொல்லை நீக்கிப் ‘பங்கு கொள்வோர்’ என்று மாற்றியது. நல்லதே. ஆனால் பங்கு என்பது பெயரில் மட்டும் நின்றால் போதாது.

நம் தேசத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி வியாதி இருப்பதாக 2023-ல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. முதியோரோடு, அவரை நன்கறிந்த வீட்டாரையும் விசாரித்தே அதற்குரிய விவரம் திரட்டப்பட்டது. நாளை நம் வாசலிலும் ஆராய்ச்சியாளர் வந்து நிற்கக்கூடும். கிழவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி மறைப்பதில் கௌரவமில்லை. கேளாமற் கையெழுத்திடுவதில் விவேகமுமில்லை. குடும்பமாகக் கூடிப் பேசி, கேட்கவேண்டியதைக் கேட்டு, மனமொப்பினால் உதவுவதே முறையென்பது நம் துணிபு.