பூங்காக்களுக்குத் தனி நிதி வேண்டும்

சென்னையில் வீடு வைத்திருப்பவர் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்துவரியில் நூலக வரியும் அடங்கியிருக்கிறது. ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம். 1948-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் தந்த கொடை இது. ஆட்சி மாறினாலும் கஜானாவில் நெருக்கடி வந்தாலும் கிளை நூலகத்துக்கு ஒரு வருமானம் உண்டு என்று சட்டமே உறுதி சொல்கிறது. அதே தெருவில் இருக்கும் பூங்காவுக்கு அந்த உறுதி இல்லை.

மாநகராட்சியின் எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் கிடைப்பதை வைத்தே காலம் தள்ளுகின்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கத் தாமதமானால் போர்வெல் மோட்டார் பழுதாகிக் கிடக்கும், புல் காயும், ஊஞ்சலின் சங்கிலி அறுந்து தொங்கும். புதிய பூங்காவுக்கோ பணத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. நீண்ட வழக்குக்குப் பின் அரசு மீட்ட கதீட்ரல் சாலை நிலத்தில், சுமார் 46 கோடி ரூபாய் செலவில் 2024-ல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. நகரின் நடுவில் ஆறு ஏக்கர் பொதுமக்களுக்குக் கிடைத்தது நல்ல காரியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் பத்தாண்டு பராமரிப்புக்கும் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

பணத்துக்கு முன்னால் நிலம் தப்ப வேண்டும். அதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதல் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லையில் உள்ள இத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு வெளியிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நீதிமன்றமும் துணை நிற்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்கள். ஒதுக்கீட்டு ஆவணம் இருந்ததால் அவர்களால் வாதாட முடிந்தது. பட்டியலில் பெயரில்லாத இடத்துக்கு யார் வாதாடுவது?

திறந்தவெளி ஒதுக்கீடு எனப்படும் ஓ.எஸ்.ஆர். நிலங்களும் கைநழுவுகின்றன. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர், சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தே ஆகவேண்டும். மூவாயிரம் முதல் பத்தாயிரம் சதுர மீட்டர் வரை என்றால், நிலம் ஒதுக்க இயலாதபோது வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டலாம். வழிகாட்டி மதிப்பு சந்தை விலைக்குக் கீழே இருக்கும் நகரத்தில், அந்தப் பணத்தைக் கொண்டு அதே வட்டாரத்தில் அதே அளவு இடம் வாங்க முடியாது. நெருக்கடி மிகுந்த வார்டுகளில் இந்த விலக்கை நிறுத்த வேண்டும். இதுவரை வந்த தொகை எவ்வளவு, அது எங்கே செலவானது என்ற கணக்கும் வெளிவர வேண்டும்.

விளக்கும் வேலியும் போட்டுப் பூங்காவைக் காட்டிவிடலாம். இயற்கை நிலத்தைக் காப்பது அப்படியல்ல. துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலையில் போகிறவர் கண்ணுக்கு இரண்டு காட்சிகள் ஒருசேரத் தெரியும்: கோரைக்கு நடுவே தாழைக்கோழியும் பூநாரையும் மேய்கிற நீர்ப்பரப்பு, அதையொட்டிப் பெருங்குடிக் குப்பைமேடு. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படும் இந்தப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் 2007-ல் காப்புக்காடு ஆனது 317 ஹெக்டேர். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்றது 1,247 ஹெக்டேர். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கோவளத்தில் கடல் சேர்கிறது. அந்த இடம் சுருங்கியதன் விலையை 2015 வெள்ளத்தில் வேளச்சேரியும் பெரும்பாக்கமும் கொடுத்தன.

ராம்சர் அறிவிப்புக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும் சர்வே எண் வாரியான எல்லை நிர்ணயம் முடிந்திருக்கவில்லை. 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அந்த எல்லைக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் கட்டுமான அனுமதிகளை நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டி வந்தது. நில அளவைக்கு ஆளும் பணமும் ஒதுக்கியிருந்தால் வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களும் தவித்திருக்க மாட்டார்கள், சதுப்புநிலமும் தவித்திருக்காது.

ஏற்கெனவே 2022-ல் சொத்துவரி உயர்ந்தது, இன்னொரு வரியா என்று மக்கள் கேட்பது நியாயம். புதிய வரி தேவையில்லை. இப்போது வசூலாகும் சொத்துவரியில் ஒரு நிலையான பங்கைச் சட்டப்படி ஒதுக்கினால் போதும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 1883-லேயே பூங்காக்களுக்குத் தேர்தலில் தேர்வாகும் தனி வாரியத்தையும் சொத்துவரியில் தனிப் பங்கையும் ஏற்படுத்திக்கொண்டது. நூலக வரியில் கற்ற பாடமும் இருக்கிறது. வசூலித்த வரியை நூலகங்களுக்குச் செலுத்தாமல் உள்ளாட்சி அமைப்புகள் நிலுவை வைத்த கதை தமிழ்நாடு அறிந்தது. ஆகவே பூங்கா நிதிக்குத் தனி வங்கிக் கணக்கும், ஆண்டுதோறும் மாமன்றத்தின் முன் வைக்கப்படும் தணிக்கை அறிக்கையும் கட்டாயமாக வேண்டும்.

அடுத்த பட்ஜெட்டிலேயே மாநகராட்சி இதைத் தொடங்கலாம். 1959 சட்டப்படியான பட்டியலை வார்டு வாரியாக வெளியிடட்டும், ஓ.எஸ்.ஆர். தொகையைப் பூங்கா நிதியில் சேர்க்கட்டும். பள்ளிக்கரணையின் எல்லைக்கல்லை வனத்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடட்டும். வாசகர்களும் தங்கள் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய், எங்கள் வார்டில் பொது நிலம் எவ்வளவு, அது யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்துமூலம் கேட்க வேண்டும்.