மணிமாலையும் நாலடி நிலமும்

கைவினைப் பொருளை விற்க வழி சொல்பவர்கள் எல்லோரும் பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். வடிவத்தைப் புதுமையாக்கு, உறையை அழகாக்கு, இணையத்தில் படம் போடு என்கிறார்கள். நரிக்குறவர்களின் பாசிமணி மாலையில் அப்படியொன்றும் குறை இல்லை. சிக்கல், அது விற்கப்படும் இடத்தில் இருக்கிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை கைவிட்டுப்போக, மணி கோத்து விற்பதே அவர்களில் பலருக்கும் பிழைப்பாயிற்று. கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் தரையில் துணி விரிக்கிறார்கள். அதே மாலை கண்ணாடிப் பேழைக்குள் இருந்தால் சீட்டில் உள்ள விலையைக் கொடுத்துவிட்டு வருகிற நாம், தரையில் கண்டால் பாதிக்குக் கேட்கிறோம். யாராவது விரட்டுவதற்குள் விற்றாக வேண்டும் என்ற அவள் அவசரம்தான் நம் பேரத்தின் பலம்.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இவர்களுக்கு விற்பனைச் சான்றிதழும் நகர விற்பனைக் குழுவில் பிரதிநிதித்துவமும் பெற வழி செய்கிறது. ஆனால் ரயில்வே நிலத்துக்கு அது பொருந்தாது. ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு ஓரூர்ச் சான்றிதழ் எவ்வளவு தூரம் உதவும்? 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. பிள்ளைகளின் படிப்புக்கு அது பெரிய கதவு. தாய்க்கு இன்று மாலை துணி விரிக்க நாலடி நிலம் வேண்டும்.

திருவிழா நடக்கும் ஒவ்வோர் ஊரிலும் அந்த இடத்தை நகராட்சி ஒதுக்கட்டும். சொன்ன விலையைக் கொடுப்பதற்கு நமக்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.