காதல் அட்டைக்கு மட்டும்தானா எலிசபெத்?

போன ஞாயிறு, இங்கே புனேயில் நம்மூர் நண்பர் ஒருவர் வீட்டில் 25ஆவது கல்யாண நாள். வாழ்த்து அட்டையில் தங்க எழுத்தில் எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் காதல் கவிதை. "என்னமா உருகியிருக்காங்க இந்தம்மா!" என்று ஆளாளுக்குச் சிலாகித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவரை அட்டைக்குள் அடைத்தது யார் சாமி? கிரேக்கம் படித்து ஈஸ்கிலஸின் நாடகத்தை மொழிபெயர்த்தவர். 1850-இல் அரசவைக் கவிஞர் பதவிக்கு இவர் பெயரும் அடிபட்டது. நாம் பிடித்துக்கொண்டதோ, அப்பாவுக்குத் தெரியாமல் 40 வயதில் கல்யாணம் செய்துகொண்டு இத்தாலிக்குப் போன கதையை மட்டும்!

நக்கலுக்கும் குறைச்சலில்லை. 1856-இல் வந்த 'அரோரா லீ' செய்யுள் நாவலில், அன்றைய பெண்பிள்ளைகளின் படிப்பைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். எல்லாவற்றிலும் நுனிப்புல், கூடவே மெழுகில் பூ செய்யப் பயிற்சி. சொந்தமாக யோசிக்க மட்டும் பயிற்சி கிடையாது.

1843-இல் எழுதிய 'குழந்தைகளின் அழுகுரல்' இன்னும் முக்கியம். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த சிறுவர்களைப் பற்றி அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்திருந்த நேரம். இவர் லண்டனில் உடம்பு முடியாமல் அறைக்குள்ளேயே கிடந்தார். அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் எழுதினார். திட்டியது முதலாளிகளை மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளின் உழைப்பில் செழித்த தேசத்தையே. இத்தனைக்கும் அவர் குடும்பச் சொத்தே ஜமைக்கா கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் உழைத்துச் சேர்ந்தது. பிறகு அடிமைமுறையை எதிர்த்தும் எழுதினார்.

"கவிதைன்னா ரசிக்கணும் சார், அரசியல் எதுக்கு?" என்றார் ஒருவர். நமக்கு இதமாக இருப்பதை மட்டும் பொறுக்கிக்கொண்டு, சுடுவதைத் தள்ளிவிடுவதற்குப் பெயர் ரசனையா?

இப்படி நான் முழங்கிக்கொண்டிருந்தபோது டீ கொண்டுவந்து நீட்டிய பெண்ணுக்கு 12 வயதுதான் இருக்கும். அந்த வீட்டில் வேலை செய்கிறாளாம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே குற்றம். அங்கிருந்த படித்தவர்கள் யாருக்கும் தெரியாததல்ல. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நானும்தான். டீயை வாங்கிக் குடித்தேன், அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அறையைவிட்டு நகர முடியாத அந்த அம்மா காகிதத்தில் படித்ததற்கே கொதித்தார். எனக்குக் கண்ணெதிரே நின்றும் உறைக்கவில்லை.

இன்று சாயங்காலம் அந்த நண்பர் வீட்டுக்குப் போகிறேன். நட்பு முறிந்தால் முறியட்டும். உங்கள் குடியிருப்பிலும் யார் டீ கொண்டுவருகிறார்கள் என்று கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள், மக்களே.