தீக்காய வார்டும் நம் வீட்டு மாத்திரை அட்டையும்

தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, முதல் இரண்டு மூன்று நாள் கண்டத்தைத் தாண்டியவர்களில் சிலர் அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ இறந்து போகிறார்கள். அப்படிப் போகிறவர்களைக் கொல்வது பெரும்பாலும் கிருமிதான். அதிலும் இப்போது மருந்துக்கு அடங்காத கிருமி. இது டாக்டர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நம் வீட்டு அலமாரியில் கிடக்கிற மாத்திரை அட்டைக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தீக்காய வார்டிலிருந்து என் மேஜைக்கு வந்ததெல்லாம் குழாய்க்குள் வைத்த, பஞ்சு சுற்றிய குச்சிதான். புண்ணில் தடவி எடுத்த அந்தக் குச்சியில் இருப்பதை வளர்த்துப் பார்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

முதலில் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்புக்குக் கோட்டைச் சுவர் அதுதான். தீ அந்தச் சுவரை இடித்துவிடுகிறது. கருகிச் செத்த சதை ஈரமாக, கதகதப்பாக இருக்கும், கிருமிக்கு விருந்து. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. ஊசியில் ஏற்றுகிற மருந்து ரத்தத்தோடுதானே போகவேண்டும்? அதனால் செத்த சதைக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி பெருகுகிறது. இதற்கு மேல், பெரிய தீக்காயம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே குலைத்துவிடும். இப்படிப்பட்ட ஆளுக்கு ஆண்டிபயாடிக் கேட்கவில்லை என்றால் பின்னால் வேறு அரண் எதுவும் இல்லை.

லேபில் நாங்கள் செய்த சோதனை எளிமையானது. கிருமி வளரும் தட்டில் மருந்து தோய்த்த பொட்டு அளவு காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றி வெற்றிடமாக ஒரு வட்டம் தெரிந்தால் அந்த மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். கிருமி வில்லையின் ஓரம் வரை வளர்ந்திருந்தால் அந்த மருந்தால் பயனில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜென்டாமைசின் வில்லையைச் சுற்றி அநேகமாக நல்ல வட்டம் விழும். பிறகு அது சுருங்கியது. அதற்குப் பதிலாக வந்த விலை கூடிய மருந்துகளின் வட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. கடைசி வருடங்களில் மெரோபெனெம் போன்ற பெரிய மருந்துக்கும் வட்டம் விழாத தட்டுகளைப் பார்த்தேன். அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் என்ற இரண்டு கிருமிகள்தான் இதில் முன்னணி. சூடோமோனாஸ் வந்தால் கட்டுத் துணி பச்சை நிறமாகும். வார்டு சிஸ்டர்கள் நிறத்தையும் வாடையையும் வைத்தே சொல்லிவிடுவார்கள். இவற்றுக்கு எதிராகக் கடைசியில் கையில் எடுக்கிற கொலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஓரம் கட்டப்பட்ட மருந்து. வேறு வழியில்லாமல் திரும்ப அழைத்து வந்தார்கள்.

ஆண்டிபயாடிக்கின் புகழே ஒரு தீ விபத்தோடு சேர்ந்து பரவியது என்பது பலருக்குத் தெரியாது. 1942 நவம்பரில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்காக, அப்போது கிடைப்பதற்கரிதாக இருந்த பெனிசிலினை மெர்க் கம்பெனி போலீஸ் காவலோடு அனுப்பி வைத்தது. மூன்று வருடம் கழித்து, 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது, அதைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே ஓர் எச்சரிக்கை செய்தார். இந்த மருந்தை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம் என்ற காலம் வரும். அப்போது விவரம் தெரியாதவர்கள் போதாத அளவில் சாப்பிட்டு, கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுவார்கள் என்றார். அந்தக் காலம் வந்து வெகுநாளாகிவிட்டது.

"ஆஸ்பத்திரி சுத்தமாக இல்லை, அதுதான் காரணம்" என்று சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. நெருக்கமான படுக்கைகள், சோப்பு இல்லாத வாஷ்பேசின், ஒரு நோயாளியைத் தொட்ட கை கழுவாமல் அடுத்தவரைத் தொடுவது எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன் நான். ஐ.சி.யு.வில் பெரிய மருந்துகளைத் தாராளமாகப் போடுவதும் ஒரு காரணம். அவற்றைச் சரி செய்வது அரசின், நிர்வாகத்தின் கடமை. ஆனால் கிருமி ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து மட்டும் வருவதில்லை. நோயாளியின் குடலிலேயே கோடிக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆண்டிபயாடிக் விழுங்கிய உடம்பில், மருந்துக்கு அடங்காத கிருமி முன்பே குடியிருக்கும். தோல் போனதும் அது புண்ணுக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு, எதிர்க்கும் வித்தையை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றியும் விடும்.

2010-ல் நடந்தது நினைவிருக்கலாம். மெரோபெனெம் வகை மருந்தையே சிதைத்துவிடும் ஒரு புதிய நொதியைப் பற்றி லான்செட் குழுமத்தின் பத்திரிகையில் கட்டுரை வந்தது. அதற்கு வைத்த பெயர் 'நியூ டெல்லி' என்று தொடங்கியது. சோதித்த மாதிரிகளில் சென்னையில் எடுத்தவையும் இருந்தன. நாடே கொதித்தது, எதற்கு? நம் தலைநகரின் பெயரை வைத்துவிட்டார்களே என்று! பெயர் மீது வந்த கோபத்தில் பாதி நோய் மீது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருத்துவச் சங்கங்கள் 2012-ல் சென்னையில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டதும், 2014 மார்ச்சிலிருந்து 'எச்1' விதி வந்ததும் நல்ல காரியங்கள். அந்த விதிப்படி, குறிப்பிட்ட ஆண்டிபயாடிக்குகளை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாவற்றையும் மருந்துக்கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் எந்த ஆண்டிபயாடிக்கும் தரக்கூடாது என்பது அதற்கு முன்பே இருந்த சட்டம். உங்கள் தெருக் கடையில் நடக்கிறதா? எங்கள் தெருவில் வாயால் கேட்டாலே கொடுக்கிறார்கள்.

கேட்கிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். "போன தடவை கொடுத்த அதே மாத்திரை மூணு கொடுப்பா" என்கிறோம். டாக்டர் வெறும் ஜுர மாத்திரை எழுதினால் "ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க சார்" என்று நச்சரிக்கிறோம். சாதாரண சளி வைரஸால் வருவது. ஆண்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. மிச்சமானதை எடுத்து வைத்துப் பேரனுக்கு இருமல் என்றால் பாதி உடைத்துக் கொடுக்கிறோம். இதற்கான விலையை வெந்நீர் கொட்டிய குழந்தை, அடுப்பில் புடவை பற்றிக்கொண்ட பெண், பட்டாசு ஆலைத் தொழிலாளி என்று எங்கோ ஒரு வார்டில் கிடக்கிறவர்கள் கொடுக்கிறார்கள்.

ஆகவே என் வயதொத்தவர்களிடம் சில விண்ணப்பங்கள். சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் வாங்காதீர்கள். டாக்டர் எழுதினாலும் "இது அவசியமா சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்; எழுதிய நாள் வரை சாப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். இட்லி மாவு, பேனா மை, டூத் பேஸ்ட் எதையும் பூசாதீர்கள். புண்ணுக்குள் கிருமியை நாமே அனுப்பிவைத்த மாதிரி ஆகும். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தீக்காய வார்டுக்குக் கும்பலாகப் பார்க்கப் போகாதீர்கள். போனால் கை கழுவிவிட்டுப் போங்கள், படுக்கையில் உட்காராதீர்கள்.

கடைசியாக, தோல் தானம். செத்த சதையைச் சீக்கிரமாக நீக்கி, புண்ணைத் தோலால் மூடிவிடுவதுதான் கிருமியைத் தடுக்கும் முக்கியமான வழி. உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்குச் சொந்தத் தோல் போதாது. இறந்தவர் தோலைத் தற்காலிகமாகப் போர்த்தினால் சில வாரங்கள் தாக்குப் பிடிக்கலாம். அதற்குள் உடம்பு தேறும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகிலிருந்து மேல் தோலை மெல்லியதாக மட்டும் எடுப்பார்கள். முகத்தைத் தொட மாட்டார்கள், ரத்தம் வழியாது, சடங்குகளுக்கும் தடையில்லை. கண் தானம் போல நம் வயதினரும் தரலாம். என் மகனிடமும் மருமகளிடமும் சொல்லி வைத்துவிட்டேன். கேட்டதும் முகம் சுளித்தார்கள். விவரம் சொன்ன பிறகு சரி என்றார்கள். நீங்களும் உங்கள் வீட்டில் ஒரு நாள் பேச்செடுத்துப் பாருங்கள்.