சரியான நேரம் எங்கள் உரிமை: விழுப்புரம், திண்டிவனம் மக்களின் கோரிக்கைச் சாசனம்

விழுப்புரம், திண்டிவனம் மக்களாகிய நாங்கள் சரியான நேரத்தைக் கேட்கிறோம். புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு நாட்டின் நேரத்தைக் காத்துவருகிறது. செயற்கைக்கோள்கள் வழியே அதை உலக நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறது. எங்கள் வரிப்பணத்தில் ஓடும் அந்தக் கடிகாரத்தின் நொடி எங்கள் அணைக்கும் மின்கம்பிக்கும் ரயில் நிலையத்துக்கும் வந்து சேர வேண்டும்.

வெள்ளத்திலிருந்து தொடங்குகிறோம். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. மதகு திறந்த நேரம், ஆறு உயர்ந்த நேரம், ஊருக்கு எச்சரிக்கை வந்த நேரம் ஆகிய மூன்றும் ஒரே கடிகாரத்தில் பதிவானால்தான், எவ்வளவு தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் எந்த ஊரை எட்டும் என்று அடுத்த முறை கணக்கிட்டுச் சொல்ல முடியும். சாத்தனூர் முதல் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு வரையுள்ள நீர்மட்டக் கருவிகள், மழைமானிகள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அனைத்தும் செயற்கைக்கோள் நேரத்தில் இயங்க வேண்டும். பதிவுகள் அன்றன்றே மக்கள் பார்வைக்கு வர வேண்டும். இதற்கு நொடி அளவுத் துல்லியமே போதும். சிக்னலை வாங்கும் கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும். இதற்குமேல் ஒரு மழைக்காலம் காத்திருக்க மாட்டோம்.

மின்சாரத்துக்கு இன்னும் நுட்பமான நேரம் தேவை. மின்பாதையில் பழுது நேர்ந்தால் அதன் அதிர்வலை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் இருபுறமும் ஓடுகிறது. இரு முனைத் துணை மின் நிலையங்களும் அது வந்துசேர்ந்த கணத்தைக் குறித்தால் பழுதின் இடம் தெரிந்துவிடும். இரு கடிகாரங்களுக்குள் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் கணக்கு சுமார் 150 மீட்டர் தள்ளிப்போகும்; ஒரு மில்லி நொடி பிசகினால் 150 கிலோமீட்டர். விழுப்புரத்தில் அறுந்த கம்பியைச் சென்னையில் தேட வேண்டி வரும்! புயல் கடந்தபின் இருட்டில் கழித்த இரவுகளை நாங்கள் மறக்கவில்லை. இவ்விரு ஊர்களுக்கும் மின்சாரம் கொண்டுவரும் உயர் அழுத்தப் பாதைகளின் இரு முனைகளிலும் செயற்கைக்கோள் கடிகாரம் பொருத்தப்பட வேண்டும்.

விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைத் தடங்கள் கூடுகின்றன. 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதும் ரயில்கள் நின்றன. சந்திப்பில் தொடங்கி முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் வரை நடைமேடைக் கடிகாரமும் சிக்னல் பதிவும் வெள்ள மட்டப் பதிவும் ஒரே நேரம் காட்ட வேண்டும். சிறிய நிலையம் என்று எதையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்த கோரிக்கை எங்கள் பிள்ளைகளுக்கானது. சூரியனைக் கொண்டு கணக்கிட்டால் விழுப்புரம் இந்திய நேரத்துக்குச் சுமார் 12 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. திண்டிவனம் விழுப்புரத்தை முந்துவது சுமார் 40 நொடி. இன்று இவ்விரு ஊர்க் கடிகாரங்களையும் நானோ நொடிக் கணக்கில் ஒப்பிடலாம். வழியும் எளிது: இரு ஊரிலும் ஒரே கணத்தில் ஒரே செயற்கைக்கோளின் சிக்னலை வாங்கி, தத்தம் கடிகாரம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். செயற்கைக்கோள் கடிகாரத்தின் பிழை இரண்டிலும் ஒன்றே என்பதால் கழித்தலில் அடிபட்டுப்போகும். இரு ஊரிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் மாடியில் கல்லூரிக்கு ஒரு கருவி வையுங்கள். எங்கள் பிள்ளைகள் இந்த ஒப்பீட்டைச் செய்து பழகினால், மேற்சொன்ன கடிகாரங்களைப் பராமரிக்கும் ஆட்கள் உள்ளூரிலேயே உருவாவார்கள்.

சிக்னலை வாங்கும் கருவி எதுவானாலும் அமெரிக்காவின் ஜிபிஎஸ் ஒன்றையே நம்பியிருக்கக் கூடாது. நமது நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் சிக்னலையும் அது ஏற்க வேண்டும். உள்நாட்டு ரூபிடியம் அணுக் கடிகாரத்தோடு நாவிக்கின் என்விஎஸ்-01 செயற்கைக்கோள் 2023 மே 29 அன்று ஏவப்பட்டது. 2025 சனவரியில் ஏவிய என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. ஆகவே அடுத்தவற்றை விரைந்து ஏவுங்கள். சிக்னல் அற்றுப்போகும் வேளையிலும் நேரம் தவறாதபடி நிலத்துக் கருவிக்குள் நல்ல கடிகாரம் ஒன்றும் இருக்கட்டும்.

நாடு முழுவதும் ஒரே நேரம் என்பதற்கான வரைவு விதிகளை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 சனவரியில் வெளியிட்டது. அகமதாபாத், பெங்களூரு, புவனேசுவரம், ஃபரிதாபாத், குவாஹாத்தி ஆய்வகங்கள் வழியே இந்திய நேரத்தை வழங்குவது திட்டம். பெங்களூரு எங்களுக்குத் தொலைவில்லை. அங்கிருந்து எங்கள் மாவட்ட அலுவலகங்களுக்கு எந்தத் தேதியில் இணைப்பு வரும் என்பதை எழுத்தில் தாருங்கள்.

அணை, மழைமானி, கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றுக்கான வேலை ஐப்பசி பிறக்குமுன் முடிய வேண்டும். மற்றவற்றுக்குத் துறைவாரியாக நாள் குறித்து மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்.